போமற் செய்யும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியருக்கு,

ஐயா,

வைரஸ் ஏறிவிட்டது என்று கணினியையோ வன்தட்டையோ திருத்தும் கடைக்குக் கொண்டுபோனால், 'போமற் பண்ணினால்தான் சரிவரும்', அதாவது தட்டிலுள்ளதைத் துடைத்துப் புதிதாக்கினால்தான் சரிவரும், என்பதே எங்கள் பக்கத்தில் முதற் பதிலாக இருக்கிறது. அப்பதிலால் நான் பட்டதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

மாதிரி வினாத்தாள்களை அச்செடுப்பதற்காக என் பென்ட்றைவை ஒரு போட்டோகொப்பிக் கடையில் கொடுத்து வாங்கினேன். வீட்டில் செருகியபோது கோப்புறைகள் யாவும் வழக்கமான பெயர்களிலேயே இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் சிறியதோர் அம்புக்குறி இருந்ததைப் பொருட்படுத்தாமல் ஒன்றைச் சொடுக்கினேன். மறுநாள் படங்கள் இருந்த வெளி வன்தட்டைப் பொருத்தியதும் அதிலும் அதே அம்புக்குறிகள் முளைத்தன.

2009ஆம் ஆண்டு இடப்பெயர்வில் எங்கள் வீட்டு அல்பங்கள் அனைத்தும் போய்விட்டன. முன்னர் நாங்கள் அனுப்பியிருந்த கலியாணப் படங்களையும் திருவிழாப் படங்களையும் கனடாவிலும் சுவிஸிலும் உள்ள உறவினர்கள் ஸ்கான் செய்து திருப்பி அனுப்பியதால்தான், என் தாயாரின் முகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட முடிந்தது. அவை இருந்த தட்டை, கடைக்காரத் தம்பி, பாவம், நல்லெண்ணத்தோடுதான், ஐந்து நிமிடத்தில் துடைத்துத் தந்தார்.

அந்த வைரஸ் எதையும் அழித்திருக்கவில்லை என்பதைப் பின்னர் என் பழைய மாணவர் ஒருவர் விளக்கினார். அது கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயர்களில் சோட்கட்டுகளை, அதாவது அம்புக்குறியிட்ட குறுக்குவழிகளை, வைக்கிறது. சொடுக்கினால் வைரசும் இயங்கும், உண்மையான கோப்புறையும் திறக்கும் என்பதால் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. வேறொரு பென்ட்றைவிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படும் உபுண்டு என்னும் இலவச இயங்குதளத்தை இயக்கி அந்தத் தட்டைப் பார்த்திருந்தால், விண்டோஸுக்கென எழுதப்பட்ட வைரஸ் அங்கே இயங்காது, மறைந்திருந்தவையும் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அவற்றைப் பிரதியெடுத்துவிட்டு ஆறுதலாகப் போமற் செய்திருக்கலாம். மேலும், நோயின் ஊற்று என் வீட்டுக் கணினியிலேயே இருந்தபடியால், தட்டை மட்டும் துடைத்ததில் பயனுமில்லை.

கடையில் செய்தது விரைவுப் போமற். அது கோப்புகளின் அட்டவணையை மட்டுமே புதுப்பித்து, கோப்புகளைத் தட்டிலேயே விட்டுவிடுவதால் நான் தப்பினேன். விண்டோஸ் விஸ்டாவும் அதற்குப் பிந்திய பதிப்புகளும் முழுப் போமற்றில் தட்டு முழுவதையும் பூச்சியங்களால் நிரப்பிவிடும். அதற்குப் பிறகு மீட்க எதுவும் இராது. தட்டில் புதிதாக எதையும் எழுதாமல், அழிந்த கோப்புகளை மீட்கும் போட்டோரெக் என்னும் இலவச மென்பொருளை வேறு கணினியில் இயக்கி, கிடைத்தவற்றை வேறொரு தட்டில் மாணவர் சேமித்தார். அம்மென்பொருள் கோப்பின் உள்ளமைப்பைக் கொண்டே அதை இனங்காண்பதால் பழைய பெயர்கள் திரும்புவதில்லை. எஃப் என்ற எழுத்தும் நீண்ட இலக்கமுமாக ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்தன. அம்மாவின் படத்தைத் தேடியெடுக்க எனக்கு மூன்று இரவுகள் சென்றன.

கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் வைரஸ் வேறு வகை. அதிலும் பூட்டிய கோப்புகளைக் கைவிடாமல் வைத்திருப்பதே நன்று. நெதர்லாந்துப் பொலிஸாரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொலிஸ் அமைப்பான யூரோபோலும் பிறரும் 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' இணையத்தளத்தில் சில வகைகளுக்குத் திறப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கடை வைத்திருக்கும் தம்பிமாரிடம் நான் கேட்பது, பற்றுச்சீட்டில் 'தரவுகள் பிரதியெடுக்கப்பட்டன' என்றொரு வரியைச் சேர்த்து, அதில் வாடிக்கையாளரின் கையொப்பத்தைப் பெற்ற பின்னரே போமற் செய்யுங்கள் என்பதுதான். பிரதியெடுப்பதற்கு அரைநாட் கூலி கேட்டாலும் கொடுக்க ஆட்கள் இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆசிரியர்,
விசுவமடு.