தணிக்கையில் பார்க்கப்படாத தேதி

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூரில் பவர்டேபிள், அதாவது மின் தையல் மெஷின்கள் உள்ள சிறு தையல் கூடம் வைத்து, ஏற்றுமதி நிறுவனங்கள் தரும் துணியில் ஜாப் ஒர்க்காக, கூலிக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிறேன். ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களான பையர்கள் அனுப்பும் தணிக்கையாளர்கள் தீயணைப்புக் கருவி, கழிப்பறை, ஓவர்டைம் பதிவேடு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டும் வேலைக்கு வரவழைக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆனால் இங்கே ஓவர்டைம் ஏன் வந்தது என்று எந்தத் தணிக்கையாளரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆர்டர் போடும்போதே கப்பலேற்றும் தேதி முடிவாகிவிடும். அதன் பிறகுதான் சாய மாதிரி ஒப்புதலுக்குப் போகும். நீலம் சற்றுத் தூக்கல் என்று திரும்பி வரும், மறுபடி போகும். துணி வெட்டத் தயாரானபின் கழுத்து லேபிளில் ஒரு வரியை மாற்றச் சொல்வார்கள். இப்படியே பத்து நாள் கரைந்தாலும் கப்பல் தேதி அசையாது. தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும் என்பதால், அவர் எங்களை நெருக்குவார். எட்டு மணி நேர ஷிப்ட் ஒன்றரை ஷிப்டாகும், கடைசி இரண்டு நாள் விடிய விடிய ஓடும். ஓவர்லாக் தைக்கும் பெண், மெஷினை நிறுத்தாமலே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பிள்ளைக்குச் சோறு போடும்படி பக்கத்து வீட்டாரிடம் கெஞ்சுவார். அடுத்த வாரம் துணியே வராது. பீஸ் ரேட்டில், தைத்த எண்ணிக்கைக்குத் தக்கபடி மட்டும் கூலி வாங்கும் அவருக்கு அந்தச் சனிக்கிழமை சம்பளமும் இருக்காது.

விலையும் அப்படித்தான். 2021-22இல் நூல் விலை ஏறியபோது, பேசிய விலையை உயர்த்த பையர்கள் எளிதில் சம்மதிக்கவில்லை. மில்லிடமோ மின்வாரியத்திடமோ பேரம் பேச முடியாது. கடைசியில் கை வைக்க மிஞ்சுவது தையல் கூலிதான்.

சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வட்டியும் உண்டு. ஆனால் புகார் கொடுத்தவருக்கு அடுத்த ஆர்டர் யார் தருவார்? அந்தச் சட்டம் வெளிநாட்டு பையரைக் கட்டுப்படுத்துவதும் இல்லை.

பையர்களிடம் நான் கேட்பது சலுகை அல்ல. ஒப்புதல் ஒரு வாரம் தாமதமானால் கப்பல் தேதியும் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். தையல் கூலியைத் தனி வரியாகக் காட்டி, அதில் பேரம் இல்லை என்று உறுதி கொடுங்கள். ஏற்றுமதியாளர்களும் எங்களிடம் இதே முறையில் நடக்க வேண்டும். அடுத்த முறை வரும் தணிக்கையாளர், ஓவர்டைம் பதிவேட்டோடு சாயத்துக்கு ஒப்புதல் வந்த மின்னஞ்சலையும் கேட்டு வாங்கி, இரண்டிலும் உள்ள தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பவர்டேபிள் உரிமையாளர்,
திருப்பூர்