அடிலெய்டிலிருந்து விசாலத்துக்கு

அடிலெய்ட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. பேத்திக்குச் சளி, மாப்பிள்ளைக்கு இரவு ஷிப்ட். இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டாயே, மாடிப்படி ஏற முடிகிறதா? மாவடு போட்டதை எழுதி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாய். இங்கே பாட்டிலில் வருவதில் வினிகர்தான் முன்னால் நிற்கிறது.

சரி, சண்டைக்கு வருகிறேன். யூடியூபில் அந்த ஆஸ்திரேலியக் கைக்குழந்தையின் கதையைப் பார்த்துவிட்டு, "டிங்கோ நாய் தூக்கிக்கொண்டு போச்சாம்! பெத்தவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லையேடி" என்று எழுதியிருக்கிறாய். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டில் பாதிப்பேர் இதையேதான் சொன்னார்கள். சொல்லிச் சொல்லியே அவளை ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

1980 ஆகஸ்ட் 17. உலுரு பாறையடியில் கூடாரம் போட்டிருந்தது சாம்பர்லேன் குடும்பம். கைக்குழந்தை அசாரியாவுக்கு ஒன்பது வாரம்தான் ஆகியிருந்தது. அந்த மண்ணின் பூர்வகுடித் தடம் பார்ப்பவர்கள் டிங்கோவின் கால்தடத்தைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். அவர்கள் சொன்னதற்குக் கோர்ட்டில் மதிப்பில்லை. முதல் விசாரணை அதிகாரி "நாய்தான்" என்று சொல்லிப் பெற்றோரை விடுவித்தும், ஊர் விடவில்லை. பெற்றவள் லிண்டி டிவியில் நிதானமாகப் பேசினாள், அது குற்றம். நாளுக்கொரு கவுன் போட்டாள், அது குற்றம். அசாரியா என்றால் 'வனாந்தரத்தில் பலி' என்று அர்த்தமாம், யாரோ கிளப்பிவிட்ட பொய். காரில் இருந்தது குழந்தையின் ரத்தம் என்றார்கள். பிறகு பார்த்தால் அது சத்தம் வராமலிருக்க கார் கம்பெனியில் அடிக்கிற பூச்சு! அவளே குழந்தையைக் கொன்றாள் என்று 1982-இல் ஆயுள் தண்டனை கொடுத்தபோது அவள் பிள்ளைத்தாய்ச்சி.

குழந்தை மேலே ஒரு சின்னச் சட்டை போட்டிருந்தது என்று அவள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படி ஒன்றே கிடையாது என்றார்கள். 1986-இல் டிங்கோக்கள் திரியும் இடத்தில் பாதி மண்ணில் புதைந்து அந்தச் சட்டை கிடைத்தது. 1988-இல் தண்டனை ரத்து. அப்போதும் வாய்கள் மூடவில்லை. 2001-இல் குயின்ஸ்லாந்துத் தீவு ஒன்றில் ஒன்பது வயதுப் பையனை டிங்கோக்கள் கொன்ற பிறகுதான், "ஓ, டிங்கோ அப்படியும் செய்யுமோ" என்று பலருக்கும் உறைத்தது. இன்னொரு வீட்டுப் பிள்ளை சாக வேண்டியிருந்தது பார். இறப்புச் சான்றில் டிங்கோ என்று ஏறியது 2012-இல்.

இந்த ஊருக்கென்று வேறொரு கதை இருக்கிறது. 1966 ஜனவரி 26. போமான்ட் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், ஒன்பது, ஏழு, நாலு வயது. தாங்களே பஸ் ஏறி க்ளெனெல்க் கடற்கரைக்குப் போனார்கள், திரும்பவில்லை. இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. கவனி, "ஏன் தனியாக விட்டாய்?" என்று அந்தத் தாயை அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் தனியாக விடுவதை நிறுத்தினார்கள். ஹாலந்திலிருந்து குறி சொல்கிற ஒருவரை வரவழைத்து, அவர் காட்டிய கிடங்கின் தரையை, ஜனங்கள் காசு திரட்டித் தோண்டியிருக்கிறார்கள். நம் ஊரில் மை போட்டுப் பார்ப்பதைச் சொல்லிச் சிரிக்கிறோமே! ஒன்றும் கிடைக்கவில்லை. 2025-இல் கூட ஒரு பழைய தொழிற்சாலை நிலத்தைத் தோண்டினார்கள். தாயும் தகப்பனும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

1973-இல் இதே ஊரில், ஃபுட்பால் மேட்ச் நடக்கும்போது, மைதானத்திலிருந்து இரண்டு சிறுமிகளை ஒருவன் கொண்டுபோனான். பார்த்தவர்கள் சொன்ன அடையாளத்தை வைத்து வரைந்த படத்தை, போமான்ட் பிள்ளைகளோடு பார்த்ததாகச் சொன்ன ஆளின் ஏழு வருஷத்துக்கு முந்தைய படத்தின் பக்கத்தில் வைத்துத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

ஆக, ஒரு கதை அந்நியனைக் காட்டிப் பயமுறுத்தியது, இன்னொன்று பெற்றவளின் முகத்தைப் பார்க்கப் பழக்கிவிட்டது. 2021 அக்டோபரில் மேற்கு ஆஸ்திரேலியாவில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி கூடாரத்திலிருந்து காணாமல் போனாள். கூடாரத்தின் ஜிப் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் திறந்திருந்தது என்று போலீஸே சொன்னது. பெற்றோர் மேல் சந்தேகமில்லை என்றும் சொன்னது. யார் கேட்டார்கள்? அம்மா அழுத விதம் சரியில்லை, வளர்ப்பு அப்பாவின் பார்வை சரியில்லை என்று ஊரெல்லாம் துப்பறிந்தது. என் மகளுடன் வேலை செய்கிற பெண்ணொருத்தி இங்கே சாப்பிட வந்தபோது, "லிண்டி மாதிரியே இருக்கா" என்றாள். லிண்டி நிரபராதி என்று தெரிந்தேதான் சொன்னாள்! எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பதினெட்டாம் நாள், அந்தக் குடும்பத்தின் வீட்டிலிருந்து காரில் சில நிமிஷ தூரத்தில், பூட்டிய வீட்டில் குழந்தை உயிரோடு இருந்தாள். கொண்டுபோனவன் அவர்களுக்கு முன்பின் தெரியாதவன்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, விசாலம். போன மாதம் க்ளெனெல்குக்கு டிராமில் பேத்தியைக் கூட்டிப்போனேன். ஐஸ்க்ரீமுக்குச் சில்லறை எண்ணித் திரும்பினால் ஆளில்லை. மிஞ்சிப்போனால் இரண்டு நிமிஷம். ஒரு பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்து மணல் அள்ளிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு நிமிஷத்தில் என் கண்ணிலும் தண்ணீர் வரவில்லை. வாய் உலர்ந்துபோயிற்று, குழந்தையின் பேர் வரவில்லை. கடைக்காரப் பெண் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளிடம் சொல்லவில்லை, நீயும் போனில் உளறிவிடாதே. வெளியே கிளம்பும்போதெல்லாம் பேத்தி என்ன உடுத்தியிருக்கிறாள் என்று போட்டோ எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை. இன்று காலை மஞ்சள் ஸ்வெட்டர், இரண்டாவது பொத்தான் இல்லை. சாயங்காலம் தைத்துவிட்டேன்.

ஜனவரியில் வருகிறேன். மாவடு மீதி வை.

உன்,
கமலா