அந்தக் குட்டிப் பெரணிக்கு இப்போதே பெயர் வைக்காதே

தண்டையார்பேட்டை,
செவ்வாய் இரவு

அன்புள்ள குமரேசா,

மூணு மாசமாய் பதில் போடாததுக்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் நலம். மணி அதே பழைய கணக்கைச் சொல்லி உன்னை இன்னமும் திட்டுகிறான்.

ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றோரம் நீ படமெடுத்தது ஓபியோக்ளாசம், நம்ம பாம்பு நாக்குப் பெரணிதான். அங்கே சூடேறிய மண்ணில் வளர்வதை அசோரிக்கம் என்கிறார்கள். தாவரவியலாளர் பிரெஸ்ல் 1845-இலேயே வைத்த பெயர். உயரம் 4 செ.மீ. என்பதற்காகப் புது வகை என்று எழுதிவிடாதேடா! மண் காய்ந்தாலோ ஆடு மேய்ந்தாலோ இதே பேரினத்தின் இன்னொரு இனமான வல்கேட்டம்கூட அப்படித்தான் குறுகிப்போகும்.

முதலில் வித்தகங்களை, அதாவது கதிரில் வித்துகள் இருக்கும் குட்டிப் பைகளை, எண்ணு. கதிரின் ஒரு பக்கத்தில் வல்கேட்டத்துக்கு 10 முதல் 40, அசோரிக்கத்துக்கு 6 முதல் 14. 12 வந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், எல்லாரும் வழுக்குவது அங்கேதான். அப்போது மண்ணை விரலால் விலக்கிப் பார். வல்கேட்டத்தில் ஒரு கிழங்குக்குப் பெரும்பாலும் ஒரே இலை. அசோரிக்கத்தில் இரண்டு மூன்று சேர்ந்து வரும். பிறகு இலையை வெயிலுக்கு நேரே பிடி. காசிமேட்டில் வலையைத் தூக்கிப் பிடித்த மாதிரி நரம்புகள் தெரியும். வல்கேட்டமானால் பெரிய வலைக்கண்ணுக்குள் அறுந்த நூல்போலக் குட்டி நரம்பு ஒன்று நீட்டி நிற்கும். லூசிட்டானிக்கம் என்ற மூன்றாவது இனத்தில் அது கிடையாது. தெளிவாகத் தெரியவில்லையென்றால் இலையை 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு நாள் ஊறப்போடு.

இன்னொன்று. இதன் வேரிலிருந்தே மொட்டு கிளம்பும். பத்து அடிக்குள் நீ எண்ணிய இருபதும் ஒரே செடியாக இருக்கலாம். மாதிரிகளைத் தள்ளித் தள்ளி எடு.

கடைசித் தீர்ப்பு குரோமோசோமில். வல்கேட்டத்துக்கு 480, அசோரிக்கத்துக்கு 720. வல்கேட்டமும் லூசிட்டானிக்கமும் கலந்து, பிறகு குரோமோசோம் இரட்டித்துப் பிறந்ததுதான் அசோரிக்கம் என்கிறார்கள். கதிர் இளம்பச்சையாய் இருக்கும்போதே மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலத்தில் போடு. முற்றிவிட்டால் வித்து உருவாகி முடிந்திருக்கும், எண்ண எதுவும் மிஞ்சாது. ஸ்லைடில் நசுக்கும்போது குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பொறுமையாகப் பரப்பு. திருவனந்தபுரத்தில் ஆபிரகாம், நைனான் என்ற தாவரவியலாளர்கள் 1950-களிலேயே ரெட்டிகுலேட்டம் என்ற இன்னொரு இனத்தில் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். அதில் 1260! நினைத்தாலே சிலிர்க்கிறது.

கிழங்கைப் பிடுங்காதே. பூஞ்சைத் துணையோடு வாழ்கிற செடி, தொட்டிக்கு மாற்றினால் பெரும்பாலும் செத்துப்போகும். அனுமதி வாங்கி ஓர் இலை மட்டும் கிள்ளு. ஒவ்வொரு செடியடியிலும் 5, 10 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பத்தைக் குறித்து, அளவுகோல் வைத்த படத்தோடு அனுப்பு. சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன்.

உன்,
பாலு