கிறிஸ்துதாஸுக்கு, ஓட்டு எண்ணுவது பற்றி

நாகர்கோவில்

அன்புள்ள கிறிஸ்துதாஸ்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று வாசித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. பால்வெட்டு நின்று கிடக்கிறது. ரப்பர் விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே உடம்புக்கு நல்லது. மார்த்தாண்டத்தில் உன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அயினி மரத்தில் ஒரு கிளை முறிந்தது. ஆள் விட்டு வெட்டி ஒதுக்கியாச்சு. ஓடு ஒன்றும் உடையவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கலிபோர்னியாவில் உன் ஓக்லாந்தில் மேயர் தேர்தலுக்கு 1, 2, 3 என்று ஐந்து பேர் வரை வரிசை போட்டு ஓட்டுப் போடுவதை அவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறாய். யாருக்கும் பாதிக்குமேல் வரவில்லை என்றால் கடைசியில் நிற்பவரைக் கழித்து, அவருடைய சீட்டுகளை அதில் குறித்த அடுத்த விருப்பத்துக்கு மாற்றி மாற்றி எண்ணுகிற முறை. இது நம்ம ஊருக்கும் வந்தால் என்ன என்கிறாய். எனக்குப் பாதி சம்மதம். 2014ல் நம் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் பாஜக, காங்கிரஸ், அதிமுக, திமுக எல்லாம் தனித்தனியாக மோதியதை மறந்திருக்க மாட்டாய். பொன். ராதாகிருஷ்ணன் ஜெயித்தார், ஆனால் விழுந்த ஓட்டில் 40 சதவீதம்கூட அவருக்கு வரவில்லை. தோற்றவர்களுக்குப் போட்டவர்களின் இரண்டாம் விருப்பம் யாராக இருந்திருக்கும் என்று சாயாக்கடையில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது.

நமக்கு இது புதுசும் இல்லை. குடியரசுத் தலைவரை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 1969 ஜனவரியில் காமராஜர் இடைத்தேர்தலில் ஜெயித்து நாகர்கோவில் எம்.பி. ஆனார். அதே வருஷம் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவரும் காங்கிரஸ் பெரிய தலைகளும் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தினார்கள். முதல் விருப்ப ஓட்டில் முன்னால் நின்ற வி.வி.கிரிக்குப் பாதி எட்டவில்லை. அடுத்த விருப்பங்களை எண்ணிய பிறகுதான் அவர் ஜெயித்தார். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் மட்டும் போடுகிற சில ஆயிரம் சீட்டு, அதனால் கையாலேயே எண்ணி முடித்தார்கள்.

என் கவலை அங்கேதான், மக்கா. வரிசை போடுவதில் எனக்கு வருத்தம் இல்லை. லட்சக்கணக்கான சீட்டு என்று வரும்போது எண்ணுகிற வேலை ஊர்க்காரன் கையைவிட்டுப் போய்விடுகிறது.

2020 ஜனவரி 2, உள்ளாட்சித் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. வார்டுக்கு நின்ற மருமகனுக்காக நான் ஏஜென்டாகப் போயிருந்தேன். ஒரு ஆளுக்கு நாலு ஓட்டு, நாலு நிறச் சீட்டு. பெட்டியைக் கவிழ்த்ததும் முதலில் நிறம் பிரித்தார்கள், அப்புறம் சின்னம் பிரித்துக் கட்டுக் கட்டாகக் கட்டினார்கள். ராத்திரி முழுக்க நடந்தது, கொசுக்கடி வேறு. மருமகன் தோற்றான். ஆனால் எத்தனை ஓட்டில் தோற்றான் என்பதை நானே என் கண்ணால் எண்ணினேன், அதனால் வீட்டில் வந்து யாரிடமும் வாக்குவாதம் பண்ணவில்லை.

மிஷினில் ஓட்டுப் போட்டாலும் இதில் பாதி மிச்சம் இருக்கிறது. ஓட்டுப்பதிவு முடிந்ததும் பூத்தில் மொத்தம் எத்தனை விழுந்தது என்று 17சி படிவத்தில் எழுதிக் கையில் தருகிறார்கள். எண்ணும்போது ஒவ்வொரு மிஷினிலும் யாருக்கு எவ்வளவு என்று ஏஜென்ட் குறித்துக்கொள்கிறான். எல்லா பூத்தையும் கூட்டினால் தொகுதி முடிவு வந்தாக வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் போடுகிற கூட்டல். (எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பதும் இதில் தெரிந்துபோகும், அது தனி வம்பு.)

வரிசை ஓட்டில் இந்தக் கூட்டல் செல்லாது. என் பூத்தில் கடைசியாக வந்தவர் தொகுதி முழுக்கப் பார்த்தால் கடைசியாக இருக்க மாட்டார். யாரை முதலில் கழிப்பது என்பது எல்லாச் சீட்டும் ஓரிடத்தில் சேர்ந்த பிறகுதான் தெரியும். அதற்குமேல் ஒவ்வொரு சுற்றையும் கம்ப்யூட்டர் நடத்தும், நாம் வெளியே நின்று திரையைப் பார்க்க வேண்டியதுதான்.

இதற்கு நான் தூரத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2022ல் உன் ஓக்லாந்திலேயே பள்ளி வாரியத்தின் ஒரு இடத்துக்கு ஒருவர் ஜெயித்ததாகச் சான்றிதழே கொடுத்துவிட்டார்கள். முதல் விருப்பத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டு இரண்டாவதிலிருந்து குறித்த சீட்டுகளை எப்படி எண்ணுவது என்று கம்ப்யூட்டரில் செய்துவைத்த ஏற்பாடு தப்பாக இருந்திருக்கிறது. சரியாக எண்ணினால் ஜெயித்தவர் வேறொருவர். அதைக் கண்டுபிடித்தது தேர்தல் அலுவலகம் இல்லை, சீட்டு விவரங்களை வாங்கித் தாங்களே கணக்குப் போட்ட வெளியாட்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இதை உனக்குச் சாதகமாகவும் சொல்லலாம், ஒவ்வொரு சீட்டின் விவரமும் வெளியே கிடைத்ததால்தானே பிடிபட்டது? ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரும் உட்கார்ந்து கணக்குப் போடாமல் இருந்திருந்தால்? 2021ல் நியூயார்க்கிலும் வரிசை ஓட்டில், சோதனைக்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றிய சுமார் 1,35,000 ஓட்டுகளையும் சேர்த்தே கணக்கை வெளியிட்டு, அன்றைக்கே திரும்ப எடுத்த கூத்தும் உண்டு.

அயர்லாந்துக்காரன் கெட்டிக்காரன். அங்கேயும் வரிசை ஓட்டுதான், இன்றைக்கும் கையால்தான் எண்ணுகிறார்கள், சில தொகுதியில் நாள்கணக்கில். கட்சிக்காரர்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். நடுவில் 5 கோடி யூரோவுக்குமேல் கொட்டி மிஷின் வாங்கினார்கள். நம்பிக்கை வரவில்லை, 2012ல் பழைய சாமானாகத் தள்ளிவிட்டார்கள்.

இலங்கையில் இன்னும் சுலபமான வழி. 2024 செப்டம்பர் 21ல் ஜனாதிபதி தேர்தல். அனுர குமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் 42 சதவீதம்தான். உடனே முதல் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரே அடியாக விலக்கி, அந்தச் சீட்டுகளில் இந்த இரண்டு பேருக்கு விருப்பம் இருக்கிறதா என்று மாவட்டம் மாவட்டமாகப் பார்த்துக் கூட்டினார்கள். மறுநாளே முடிவு வந்தது. சுற்றுச் சுற்றாகக் கழிக்கிற நுணுக்கம் அதில் இல்லை என்று நீ சொல்வாய். இல்லாமல் போகட்டும், கூட்டல் திரும்ப வந்துவிட்டதே! நம் தொகுதிக்கு அப்படி வந்தால் நான் கைதூக்குவேன்.

நம் மிஷினும் ஒழுங்கா என்று கேட்பாய். ஓட்டுப் போட்டதும் சின்னம் அச்சான சீட்டு விழுகிற பெட்டிதான் விவிபாட். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 வீதம் அந்தப் பெட்டியைக் குலுக்கலில் எடுத்துச் சீட்டை எண்ணுகிறார்கள். கன்னியாகுமரிக்குள் வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் சேர்த்து 30. எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற மனுவை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. எனக்கு அதில் வருத்தம்தான். இருந்தாலும் அந்த 30 பெட்டி எண்ணுவதை நம்மைப் போன்ற ஒருவன் பக்கத்தில் நின்று பார்க்கிறான்.

ஒரு காரியம் செய். கலிபோர்னியாவில் 1 சதவீத பூத்துகளின் ஓட்டைக் கையால் எண்ணிச் சரிபார்க்கும் சட்டம் இருக்கிறது. வரிசை ஓட்டில் அவர்கள் முதல் விருப்பத்தோடு நிறுத்திவிடுகிறார்களா, அல்லது ஒருவரைக் கழித்து அடுத்தவருக்கு மாற்றுவதையும் கையால் செய்து பார்க்கிறார்களா என்று உன் கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்தில் விசாரித்து எழுது. பார்க்க ஆள் விடுவார்களென்றால் நீயே போய் நில். ரிட்டயர் ஆன ஆளுக்கு வேறென்ன வேலை?

மரம் வெட்டிய கூலியை நான் கொடுத்துவிட்டேன், இப்போது அனுப்ப வேண்டாம். ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தாணு