வக்காக் குஞ்சுகளுக்கு மீன் கொண்டுவந்த அக்காவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள கன்னங்குறிச்சிச் சொந்தங்களுக்கு,

முந்தாநாள் அந்தி நேரத்தில் மூக்கனேரிக் கரையில் கடைசி மூன்று வக்கா (இராக்கொக்கு) குஞ்சுகளையும் விட்டோம். கூடையைத் திறந்ததும் இரண்டு பறந்துவிட்டன. மூன்றாவது மட்டும் விளிம்பில் ஏறி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றது. யாரும் மூச்சுவிடவில்லை. ஏரிக்குள் இருக்கும் திட்டு மரத்திலிருந்து பெரிய வக்கா ஒன்று 'குவாக்' என்று கத்திக்கொண்டு கிளம்பியது. இதுவும் அதே திசையில் போய்விட்டது. வீட்டுக்கு வந்து காலிப் பெட்டிகளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் போனால் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்ல வராது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

வக்காக் கூடுகளோடு புளியமரம் விழுந்த ராத்திரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தீர்கள். பத்தொன்பது குஞ்சுகளைப் பொறுக்கினோம், பதினொன்று பிழைத்தன.

மழையில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளுக்கும், பழ மண்டியிலிருந்து பெட்டி பெட்டியாகக் கொடுத்தனுப்பியவருக்கும், தகவல் சொன்னதும் வந்து பார்த்து, என்ன செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லி, கடைசிவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வனத்துறை ஊழியர்களுக்கும், இறக்கை முறிந்ததற்குக் கட்டுப் போட்ட கால்நடை மருத்துவருக்கும், குஞ்சு கண்ணைப் பார்த்துக் கொத்தும் என்று கேட்டதும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போன தம்பிக்கும், ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, 'வழவழப்பான தரையில விட்டா கால் விரிஞ்சுடும், குச்சி அடுக்குங்க' என்று சொல்லித் தந்த எஸ்டேட் தம்பிக்கும் என் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர் அக்காவைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் மீன் வாங்குகிற வழக்கம் கிடையாது. முதல் இரண்டு நாள் ஐஸில் கிடந்த மீனை வாங்கிவந்து, துண்டு போட்டு, இடுக்கியால் நீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. பயத்தில், வயிற்றில் இருந்ததையும் கக்கின. மூன்றாம் நாள் காலை ரோட்டோரம் மீன் விற்கும் அந்த அக்காவிடம் போய், இன்னும் சின்னத் துண்டாக வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கூடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னோடு கிளம்பிவிட்டார்.

பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். முந்தானையை முகத்துக்குக் குறுக்கே இழுத்துவிட்டுக்கொண்டார். விரல் நீளப் பொடிமீன் ஒன்றை எடுத்து, குஞ்சின் அலகுக்குப் பக்கவாட்டில் லேசாகத் தட்டினார். நேராக நீட்டவில்லை, பக்கவாட்டில்தான். குஞ்சு வெடுக்கென்று கவ்வியது. ஆனால் வால் பக்கமாகக் கவ்விவிட்டது. அக்கா அதை மெதுவாகத் திருப்பி, தலையை உள்ளே காட்டினார். ஒரே விழுங்கு.

"வால் பக்கமாக் குடுத்தா முள்ளு தொண்டையில குத்துமுங்க டீச்சர். தலை முதல்ல போனாத்தான் செதில் படிஞ்சு உள்ள போகும். கொக்கு எங்க மீன் புடிச்சாலும் தூக்கிப்போட்டுத் திருப்பித்தானுங்க முழுங்கும்" என்றார். அவருடைய அப்பா மேட்டூர் அணையில் பரிசல் ஓட்டி மீன் பிடித்தவர். சின்ன வயதில் பரிசலில் உட்கார்ந்தபடி கொக்கு மீன் தின்பதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதாம்.

பன்னிரண்டு வருடமாகப் பைனாகுலரோடு ஏரி ஏரியாகச் சுற்றுகிறேன். வக்காவின் கண் சிவப்பு, குஞ்சுக்குப் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, பெரிய பறவையின் நிறம் வர இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது எப்படிச் சாப்பிடுகிறது என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த வாசலில் அவர்தான் எனக்கு டீச்சர்.

அதோடு முடியவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஒரு தூக்குவாளி நிறைய உயிரோடு பொடிமீன் வந்தது. தண்ணீருக்குள் காற்றுப் போக வேண்டும் என்று மேட்டூரிலிருந்து சேலம் வரைக்கும் கையால் அளைந்துகொண்டே வருவாராம். வந்து சேரும்போது விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். கார்த்திகை மாசம். பாதி ஊர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தது, மீன் வியாபாரமே இல்லை. அந்த மாசத்திலும் அவர் ஒரு நாள் தப்பவில்லை. பணம் நீட்டினால், "குஞ்சு பறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாங்க" என்பார். முந்தாநாள் கரையில் கேட்டேன். கையைப் பிடித்து அழுத்தினார், வாங்கவில்லை.

மூக்கனேரித் திட்டுகளையும் நினைத்துக்கொள்கிறேன். சேர்வராயன் மலையிலிருந்து தண்ணீர் இறங்குகிற ஏரி அது. 2010-இல் ஊர் மக்கள் சேர்ந்து தூர்வாரியபோது, அள்ளிய மண்ணைத்தான் திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். அந்த மரங்கள் இல்லாவிட்டால் இந்தக் குஞ்சுகளை எங்கே கொண்டுபோய் விட்டிருப்போம்? அன்றைக்கு மண் சுமந்தவர்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

கோயில் பக்கத்து அரசமரத்தில் இன்னும் சில ஜோடிகள் இருக்கின்றன. அதன் கிளையில் கை வைக்கும் முன், கூடு இருக்கிறதா என்று ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வருகிற தீபாவளிக்கு முன்னால் அந்த அரசமரத் தெருவில் வீடு வீடாக வந்து கேட்பேன். யாராவது முகத்தைச் சுளித்தாலும் திரும்ப வருவேன்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு இந்த முறை மூக்கனேரிக்கே போகிறோம். அக்காவையும் கூப்பிட்டேன். "கரிநாள் யாவாரத்தை விட முடியாதுங்க, பெரும்பொங்கலன்னிக்கு வர்றேன்" என்றார். காலை ஆறு மணிக்குக் கரையில் இருப்போம். புள்ளி போட்ட பழுப்பு வக்காக்கள் தென்பட்டால், அதில் எது நம்முடையது என்று அடையாளம் சொல்ல முடியாது. வாருங்கள், எல்லாவற்றையும் எண்ணுவோம்.

நன்றியுடன்,
உங்கள் தெரு டீச்சர்