தொட்டியை எடுத்து முடிக்கும்வரை பொக்லைனை நிறுத்தி வையுங்கள்: சாலைத் திட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சாலைத் திட்டப் பொறியாளர்களுக்கும், அகழாய்வு ஒப்பந்தத்தை மேற்பார்வையிடும் தொல்லியல் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மேற்கு அயர்லாந்தில் நீங்கள் போடுகிற புறவழிச்சாலையின் வழித்தடத்தில், ஓடையை ஒட்டிய ஈர வயலில், தீயில் வெடித்த கற்கள் குவிந்து கிடந்த பழங்கால மேட்டைத் தோண்டிய குழுவில் நானும் ஒருவன். இதை எரிகல் மேடு என்கிறேன்; விண்ணிலிருந்து விழும் எரிகல் இல்லை. இந்த மடலை ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகத்துக்கு முன்பே அனுப்பினேன். கிடைத்தது என்ற ஒரு வரிதான் திரும்பி வந்தது. அதனால் இப்போது எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் தமிழிலும் எழுதுகிறேன்.

அந்த வயலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மேட்டுக்கு அடியில் மரத் தொட்டி இருப்பது தெரிந்ததும் கூடுதல் நாள் கேட்டோம். கிடைக்கவில்லை. தொட்டியை அரைகுறையாகப் பதிவு செய்த நிலையில் பொக்லைன் உள்ளே வந்துவிட்டது. என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: இனி எந்த எரிகல் மேட்டிலாவது மரத் தொட்டி வெளிப்பட்டால், அதை ஈரம் காயாமல் வெளியே எடுத்து முடிக்கும்வரை அந்த இடத்தில் இயந்திரத்தை இறக்காதீர்கள். அதற்கான நாட்களை ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள்.

தமிழில் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெண்கலக் காலத்தில் இங்கே இருந்தவர்கள் நீர்மட்டம் உயர்ந்த இடமாகப் பார்த்துக் குழி வெட்டி, அதற்குள் பலகையோ குடைந்த மரமோ வைத்துத் தொட்டி செய்தார்கள். தண்ணீர் தானாக ஊறி நிறையும். பக்கத்தில் தீ மூட்டி, கல்லைப் பழுக்கச் சூடாக்கி உள்ளே போட்டால் தண்ணீர் கொதிக்கும். வெடித்துப்போன கல்லையும் கரியையும் வாரி ஓரமாகக் கொட்டுவார்கள். அப்படிக் கொட்டிக் கொட்டிக் குவிந்ததுதான் எரிகல் மேடு. பெரும்பாலும் குதிரை லாட வடிவில், தொட்டியைச் சுற்றி வளைந்து கிடக்கும். அயர்லாந்தில் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. இங்கே இதற்கு ஃபுலக்ட் ஃபியா என்று பெயர். கார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓ'கெல்லி 1950களில் பாலிவூர்னி என்ற இடத்தில் இப்படி ஒரு தொட்டியில் கல்லைப் போட்டுச் சுமார் அரைமணி நேரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். வைக்கோல் சுற்றிய ஆட்டுத் தொடையை மூன்றே முக்கால் மணி நேரத்துக்குள் வேகவைத்தும் காட்டினார்.

‘ஏழாயிரம் இருக்கிறதே, இது இன்னொன்றுதானே’ என்றுதான் தளத்தில் எங்களுக்குப் பதில் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். ஏழாயிரம் மேடுகள் இருந்தும், இவற்றில் சமைத்தார்களா, குளித்தார்களா, தோல் பதப்படுத்தினார்களா, சாயம் தோய்த்தார்களா என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பானை ஓடு அரிது. எலும்பும் அதிகம் கிடைப்பதில்லை, அமில மண் அரித்துவிடுகிறது. கறுப்பு மண்ணும் உடைந்த கல்லும்தான் மிச்சம். பல இடங்களில் தொட்டியின் மரமும் மக்கி, வெறும் குழிதான் கிடைக்கிறது. எப்போதோ ஓர் இடத்தில் மரம் அப்படியே இருக்கிறது என்றால், அந்தக் காலத்து மனிதன் கையால் செய்து வைத்த பொருள் அது ஒன்றுதான். அதைப் போய் ‘இன்னொன்று’ என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

அந்த மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஓக் பலகைகள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தண்ணீருக்குள் கிடந்ததால் நனைந்த பிஸ்கட் போல இருந்தன. விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். உலோகக் கரண்டியைத் தூர வைத்துவிட்டு மரக்குச்சியாலும் விரலாலும் சேற்றை வழித்தோம். சேறு விலக விலகக் கோடரி பட்ட தடங்கள் தெரிந்தன. வெண்கலக் கோடரியின் வாயில் ஒரு சின்ன உடைவு இருந்தாலும், ஒவ்வொரு வெட்டிலும் அதே இடத்தில் மெல்லிய கோடாக அது பதிந்திருக்கும். அந்தக் கோடுகளை ஒப்பிட்டால் இந்தப் பலகையையும் அந்தப் பலகையையும் ஒரே கோடரி செதுக்கியதா என்று கண்டுபிடிக்கலாம். ஒரு பலகையின் ஓரத்தில் பட்டைக்கு அடுத்த வெளிமரமும் மிஞ்சியிருந்தது.

அந்த வெளிமரம் எவ்வளவு முக்கியம் என்று தொல்லியல் அதிகாரிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அயர்லாந்து ஓக் மரங்களின் ஆண்டு வளையங்களை பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தார் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிக் கோத்து வைத்திருக்கிறார்கள். பட்டையோடு ஒட்டிய கடைசி வளையம் கையில் இருந்து, வளையங்களும் போதுமானதாக இருந்தால், மரத்தை எந்த ஆண்டு வெட்டினார்கள் என்றே சொல்லிவிடலாம். ஆனால் காற்றுப் பட்டதும் முதலில் சுருங்கி உதிர்வது அதே வெளிமரம்தான்.

அன்றைக்கு வெயில், கூடவே காற்று. நனைத்துப் பொதிந்து வைக்கப் பெரிய தொட்டி கேட்டிருந்தோம், வரவில்லை. தோட்டத்துக்கு மருந்து தெளிக்கிற ஸ்பிரேயரில் தண்ணீர் அடித்துக்கொண்டே, ஈரச் சாக்கையும் பிளாஸ்டிக் தாளையும் மாற்றி மாற்றிப் போர்த்தினோம். வரைபடம் போடத் தாளைத் தூக்கினால் மரம் காய்கிறது; தாளை மூடினால் வேலை நிற்கிறது. மாலைக்குள் அந்த ஓரத்தில் முடி போன்ற விரிசல்கள் ஓடிவிட்டன. மறுநாள் காலையில் வெளிமரம் உதிர்ந்து, சேற்றில் பழுப்புத் துகளாகக் கிடந்தது. என்னுடன் வேலை செய்த பெண் அதைக் கரண்டியால் வழித்து ஒரு பையில் போட்டு எண் எழுதினார். அதிலிருந்து இனி எந்த ஆண்டையும் எண்ண முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மதியம் இயந்திரம் வந்துவிட்டது. மீதிப் பலகைகளில் சிலவற்றைத்தான் முழுசாக எடுத்தோம்.

நான் சாலைக்கு எதிரி இல்லை. அந்த ஊரின் குறுகிய தெருவில் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைத் தினமும் பார்த்தேன். புறவழிச்சாலை வேண்டும்தான். சாலைப் பணி இல்லையென்றால் இந்த மேடுகளில் பலவற்றைப் பற்றி யாருக்குமே தெரிந்திருக்காது என்பதும் உண்மை. இந்த நாட்டில் சாலைக்கு முன் அகழாய்வு செய்ய முறை இருக்கிறது, அதற்குப் பணமும் ஒதுக்குகிறார்கள். அதை மனதார மதிக்கிறேன். 2003இல் வாட்டர்ஃபோர்டு புறவழிச்சாலைப் பணியில் வுட்ஸ்டவுன் வைக்கிங் குடியிருப்பு வெளிப்பட்டபோது சாலையையே நகர்த்தினார்கள். நாங்கள் சாலையை நகர்த்தச் சொல்லவில்லை. இன்னும் சில நாட்கள் கேட்டோம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அந்த வயலைச் சாலைக்குக் கொடுத்த பக்கத்து வீட்டு விவசாயி ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தினமும் வேலிக்கு வெளியே வந்து நின்று பார்ப்பார். அந்த வயலை உழும்போதெல்லாம் அந்த மூலையில் மட்டும் கறுப்பு மண்ணும் வெடித்த கல்லும் மேலே வரும் என்று அவர் அப்பா காலத்திலிருந்தே தெரியுமாம். உள்ளே வந்து தொட்டியை ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டார். பாதுகாப்பு விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கீழடியில் குழிகளைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். இங்கே நிலம் கொடுத்தவருக்கே தொட்டியைக் காட்டவில்லை. அவருக்கு ஒரு தலைக்கவசம் கொடுத்து, கூட ஒருவரை அனுப்பியிருந்தால் போதுமே? தோண்டுகிற எங்களுக்கும் சில மாத ஒப்பந்தம்தான். அது முடிந்ததும் வேறு மாவட்டம், வேறு வாடகை வீடு. அறிக்கை வெளிவரும்போது அந்தக் குழுவில் ஒருவரும் அங்கே இருக்க மாட்டோம். அவசரப்படுத்தினால் எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் வருவதில்லை. என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அதனால் பேசுகிறேன்.

சரி, கோரிக்கைக்கே வருகிறேன். மரத் தொட்டி வெளிப்பட்டால் அதை ஈரத்தோடு எடுத்து முடிக்கும்வரை இயந்திரம் வரக் கூடாது. ஈரச் சதுப்பில் வேலை தொடங்கும்போதே, மரத்தை நனைத்து வைக்கத் தொட்டியும், மரம் பாதுகாக்கத் தெரிந்த ஒருவரும் தளத்தில் தயாராக இருக்க வேண்டும். மரம் கிடைத்த பிறகு ஆள் தேடினால் பலகை காத்திருக்காது.

உங்கள் திட்டத்தின் அடுத்த பகுதி அதே ஓடையின் மறுகரையில் போகிறது. அங்கே போட்ட சோதனைப் பள்ளங்களில் கறுப்பு மண்ணும் வெடித்த கல்லும் வந்திருப்பது உங்கள் பதிவிலேயே இருக்கிறது. இன்னும் மேல்மண்ணை வழிக்கவில்லை. ஒப்பந்தத்தைத் திருத்த இப்போது நேரம் இருக்கிறது. அங்கே வேலை தொடங்குவதற்கு முன் இந்த ஒரு விதியைச் சேர்த்து, எழுத்தில் பதில் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தத் தளத்தில் வேலை செய்த ஓர் அகழாய்வுத் தொழிலாளி