சயாமிலிருந்து அப்பாவுக்கு

பாங்காக்,
கார்த்திகைக் கடைசி

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கே நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கை வீக்கம் வடிந்துவிட்டதா? தைலம் தேய்ப்பதை விட்டுவிடாதே அம்மா.

தினம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் விவரம் சொல்லத் தொடங்கினால் பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள். அப்பாவோ "சரிம்மா, நீ பார்த்துச் செய்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார். முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீஸில் உட்கார்ந்தவர் நீங்கள் அப்பா. காகிதத்தில் வந்தால் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிப்பீர்கள் என்று தெரியும். இதில் ஒரு விஷயம் அப்படிப் படிக்க வேண்டியது.

நீங்கள் வந்து இருக்கப்போவது மூன்று வாரம். அரண்மனை, மரகத புத்தர், ஆற்றுப் படகு எல்லாம் ஊருக்குள்ளேயே இருப்பதால் மாலை நேரங்களில் பார்த்துக்கொள்ளலாம். ஊரை விட்டு வெளியே போகிற நாட்களைத்தான் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். இங்கே தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை, எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்றுதான் கேட்பார்கள். காலை ஆறரைக்குள் வீட்டை விட்டு இறங்கினால் ஒரு மணி நேரத்தில் வயல்வெளியைப் பார்த்துவிடலாம். எட்டு மணிக்கு இறங்கினால் அந்த ஒரு மணி நேரமும் நம் தெருமுனை சிக்னலிலேயே போய்விடும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஊருக்குள் திரும்புவதும் அதே கதைதான். அதனால் ஒரு நாள் வெளியே போனால் மறுநாள் வீட்டில் ஓய்வு. வாரத்துக்கு இரண்டு பயணத்துக்கு மேல் கிடையாது.

இன்னொன்றும் முடிவு செய்துவிட்டேன். இங்கே எல்லா ஊருக்கும் வேன் ஓடுகிறது. மலிவு, வேகம். போன வருஷம் ஒன்றில் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனேன். முன் சீட்டு முழங்காலில் இடிக்க, பை மடியில் இருக்க, கால் நீட்ட வழியே இல்லை. அந்த டிரைவர் ஓட்டிய வேகத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாவின் முழங்காலுக்கு அது ஒத்துவராது. ரயில், இல்லாவிட்டால் வாடகைக் கார், இரண்டில் ஒன்றுதான்.

முதல் பயணம் அயுத்தயா. நம் அயோத்திதான் இந்தப் பெயர். 1351இல் தலைநகரான ஊர், 1767இல் பர்மாக்காரர்கள் வந்து கொளுத்திவிட்டுப் போனார்கள். சுற்றிலும் மூன்று ஆறுகள், நடுவில் தீவு மாதிரி ஊர். எண்பது கிலோமீட்டர் இருக்கும். ரயிலில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் இருபது பாட் போலத்தான். ஜன்னல் திறந்த பெட்டி, தலைக்கு மேல் ஃபேன். அம்மாவுக்கு அது பிடிக்கும், ஏசி ஒத்துக்கொள்ளாதே. ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போக டுக்டுக் ஆட்டோ பிடிக்கலாம். அங்கே ஓடுகிற வண்டிக்கு முன்பக்கம் தவளை முகம் மாதிரி உருண்டையாக இருக்கும்.

அங்கே வாட் மகாதாத் என்ற கோயிலில் ஒரு மரத்தடியைக் காட்டப்போகிறேன். உடலில்லாத ஒரு புத்தர் தலை. மரத்தின் வேர்கள் கன்னத்தைச் சுற்றி, காதோரம் இறங்கி, குழந்தையைக் கையில் ஏந்தின மாதிரி பிடித்திருக்கின்றன. கண் பாதி மூடியிருக்கிறது. பக்கத்தில் நின்று படம் எடுத்தால் நம் தலை புத்தர் தலைக்கு மேலே இருக்கக்கூடாது, உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். கோயில் முழுக்கத் தலை போன சிலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வெட்டவெளி, மார்கழியிலும் பதினொரு மணிக்கு மேல் வெயில் சுடும். அதற்குள் பார்த்துவிட்டு ஆற்றோரம் சாப்பிட்டுத் திரும்பிவிடலாம்.

அம்மா, சாப்பாட்டுக் கவலையை விடு. மார்கழி முழுக்க நீ கவிச்சி தொடமாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? இங்கே சைவக் கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பாக ஓர் எழுத்து போட்டிருக்கும், "ஜே" என்று படிப்பார்கள். மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்கமாட்டார்கள், பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. மற்றக் கடைகளில்தான் ஜாக்கிரதை. வெறும் கீரையைப் பொரித்தாலும் மீன் சாறு ஒரு கரண்டி விழுந்துவிடும். அதற்குத்தான் "மாய் ஸை நாம்ப்லா" என்று சொல்லப் பாப்பா பழகி வைத்திருக்கிறாள். பாட்டிக்கு நான்தான் சொல்வேன் என்று ஒரே பிடிவாதம். எதற்கும் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டுதான் கிளம்புவோம்.

இரண்டாவது பயணம் உனக்காக. மேக்லாங் என்று ஒரு ஊர். சந்தை தண்டவாளத்தின் மேலேயே நடக்கிறது. ரயில் வரும் சத்தம் கேட்டதும் கடைக்காரர்கள் பந்தலை மடக்கி, கூடையை ஒரு முழம் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். காய்க்கூறு மேலேயே ரயில் உரசினாற்போல் போகும். அது போன மறுநிமிஷம் பந்தல் விரிந்து பேரம் தொடரும். அந்த ஊர் மீனைக் கழுத்தை வளைத்து, வட்ட மூங்கில் தட்டில் இரண்டு மூன்றாக அடுக்கி விற்பார்கள். நீ வாங்கமாட்டாய், ஆனால் அடுக்கியிருக்கும் அழகைப் பார்க்க நிற்பாய். அங்கிருந்து அம்பவா பக்கம்தான். வெள்ளி, சனி, ஞாயிறு பிற்பகலில் வாய்க்காலில் படகுச் சந்தை. தென்னம்பாளையிலிருந்து இறக்கின சாற்றைக் காய்ச்சி வெல்லம் எடுக்கிறார்கள், வாயில் போட்டால் கரைகிறது. பொங்கலுக்கு அதையே வாங்கி வைத்துக்கொள்ளலாம். இருட்டின பிறகு படகில் போனால் ஆற்றோர மரங்களில் மின்மினி. எல்லாரும் போகிற டம்னன் சடுவாக் படகுச் சந்தையை விட்டுவிட்டேன். மோட்டார் புகையும் பயணிகள் கூட்டமும் போதும் போதும் என்றாகிவிட்டது எனக்கு.

பட்டாயா வேண்டாம். காவ் யாய் காடு நல்ல இடம், ஆனால் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஒரு நாளில் போய்வந்தால் சீட்டைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்காது.

ஒரு செய்தி அம்மா, இது ஊருக்குள்ளேயே. பெரிய சிவப்பு ஊஞ்சல் கம்பத்துக்குப் பக்கத்தில் அரண்மனைப் பிராமணர்களின் கோயில் இருக்கிறது. அவர்கள் வருஷா வருஷம் நடத்துகிற விழாவுக்குப் பெயர் "த்ரியம்பவாய் த்ரிபவாய்". திருவெம்பாவை, திருப்பாவை! நூற்றாண்டுகளாக வாய்வழியாக வந்ததில் உச்சரிப்பு மாறிவிட்டது, பெயர் நின்றுவிட்டது. விடிகாலையில் நீ "ஆதியும் அந்தமும் இல்லா" என்று முணுமுணுப்பாயே, அதை அந்தக் கோயில் வாசலில் நின்று ஒருமுறை பாட வேண்டும்.

இனி அப்பாவுக்கு.

மூன்றாவது பயணம் காஞ்சனபுரி. மேற்கே நூற்று முப்பது கிலோமீட்டர். இந்தப் பெயரைச் சொன்னதும் உங்களுக்கு விளங்காது. சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் இங்கிருந்து பர்மாவுக்குப் போட்ட "சயாம் ரயில்" என்றால் விளங்கும்.

உங்கள் பெரியப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்ட மலாயாவுக்குக் கப்பல் ஏறினது, கல்யாணமாகி எட்டு மாதத்தில் என்று சொல்வீர்கள். தோட்டத்திலிருந்து தபால் அட்டை வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் வந்த பிறகு நின்றுவிட்டது. சண்டை முடிந்து திரும்பின யாரோ ஒருவர், "சயாமுக்கு ரயில் போடக் கூட்டிப் போனாங்க" என்று மட்டும் சொன்னார். உங்கள் பெரியம்மா சாகிற வரைக்கும் தாலியைக் கழற்றவில்லை. சேதி வராதபோது எப்படிக் கழற்றுவது என்று கேட்டாராம். ஆடி அமாவாசைக்குக் காவிரிக்குப் போய் உங்கள் அப்பாயி எள்ளும் தண்ணீரும் விடச் சொல்லும்போதெல்லாம் வீட்டில் சண்டை வந்ததையும் சொல்லியிருக்கிறீர்கள்.

நான் முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்களை நேராக அழைத்துப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. முதல் தடவை புது சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன், இந்த ரயில் அங்கிருந்து கிடையாதாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோன்புரி என்று ஒரு சின்ன ஸ்டேஷன், காலை எட்டு மணிக்கு முன்னாலேயே கிளம்பிவிடுகிறது. மறுவாரம் சரியாகப் போய்ப் பிடித்தேன். வெளிநாட்டாருக்கு நூறு பாட். நகோன் பதோமில் நிற்கும்போது ஜன்னலிலிருந்தே நூற்றிருபது மீட்டர் உயர ஸ்தூபி தெரியும். பிறகு கரும்பு, மரவள்ளி. மரவள்ளிக் காட்டைப் பார்த்ததும் நம் நாமக்கல் பக்கம் போகிற மாதிரி இருந்தது.

காஞ்சனபுரி ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் போர்க் கைதிகளின் மயானம். கிட்டத்தட்ட ஏழாயிரம் பேர், பிரிட்டிஷ்காரர்கள், டச்சுக்காரர்கள், ஆஸ்திரேலியர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாழ்ந்த கல், அதில் வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, வயது. இருபத்திரண்டு, இருபத்தேழு, இருபத்துநான்கு என்று படித்துக்கொண்டே நடந்தேன். கீழே வீட்டார் எழுதச் சொன்ன ஒரு வரி. ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு பூச்செடி. தோட்டக்காரர் ஒருவர் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து, வேர் அடியில் புல்லைக் கையால் கிள்ளிக்கொண்டிருந்தார். அவ்வளவு அக்கறை. அந்தப் பையன்களுக்கு அது தகும்.

சயாம் ரயில் 1942 நடுவில் தொடங்கின பாதை. 415 கிலோமீட்டரை 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்து பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள். தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த தமிழர்கள், மலாய்க்காரர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு லட்சம் பேர் இருக்கும் என்கிறார்கள், செத்தது தொண்ணூறாயிரம் வரை. கைதிகளுக்குத் தங்கள் அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள், இறந்தவனின் பெயரை ஒளித்தாவது எழுதி வைத்தார்கள். நம் ஆட்களுக்குப் பேரேடு இல்லை. மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகப் போய்விட்டார்கள். அதனால்தான் கணக்கைத் தோராயமாகச் சொல்கிறார்கள். அந்தத் தோராயத்துக்குள்தான் நம் வீட்டு ஆளும் இருக்கிறார் என்று நினைத்தபோது அந்தப் புல்வெளியில் எனக்கு நிற்க முடியவில்லை அப்பா.

பக்கத்தில் வாட் தாவோன் என்று ஒரு புத்தர் கோயில். அந்த வளாகத்தில் ரயில் பாதையில் மாண்ட தமிழர்களுக்காக நடுகல் நட்டிருக்கிறார்கள். நடுகல் என்ற சொல்லையே இந்த ஊரில் கேட்பேன் என்று நினைக்கவில்லை. பெயர்கள் இல்லாவிட்டாலும் நம்மவர் என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். கொண்டுபோயிருந்த வாழைப்பழத்தை வைத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அந்த ரயில் போகிற குவாய் ஆற்றுப் பாலம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நம் முசிறி குளித்தலை பாலத்தில் பாதிகூட இருக்காது. வளைந்த இரும்புச் சட்டங்கள் அந்தக் காலத்தவை, நடுவில் நேராக இருப்பவை குண்டு விழுந்த பிறகு மாற்றினவை. எல்லாரும் அங்கேதான் படம் எடுக்கிறார்கள். அதையும் தாண்டி ரயில் போகிறது. தாம் கிராசே என்ற இடத்தில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கீழே ஆறு. மரக்கட்டைகளை நட்டு அதன் மேல் தண்டவாளம். ரயில் ஆள் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடும். கை நீட்டினால் பாறையைத் தொடலாம், உளி விழுந்த தடம் கண்ணுக்குத் தெரிகிறது. பெட்டியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட அங்கே பேச்சை நிறுத்திவிட்டார்கள். மரம் முனகுகிற ஓசை மட்டும் கேட்டது.

நீங்கள் அவ்வளவு தூரம் ரயிலில் உட்கார வேண்டாம். காஞ்சனபுரியில் இறங்கிவிடலாம். மயானம், எதிரே இருக்கிற ரயில் பாதை மியூசியம், நடுகல். சாப்பாட்டுக்குப் பிறகு ஏற்பாடு செய்த கார் வரும், அதில் தாம் கிராசே போய் ஆற்றங்கரையில் இறங்கலாம். அங்கே தண்ணீர் வரைக்கும் போக வழி இருக்கிறதா என்று விசாரித்து வைக்கிறேன். திரும்பி வர இரவாகும், பரவாயில்லை. அன்று நெரிசலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஒரு கேள்வி. ஊர் திரும்புகிற டிக்கெட்டைப் பொங்கல் கழிந்து நாலைந்து நாள் தள்ளிப் போடலாமா? தை அமாவாசையை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். உங்கள் விருப்பம். வேண்டாமென்றால் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவோம். சரி என்றால் எள்ளும் தர்ப்பையும் வேண்டும், சொல்ல வேண்டியதை நம் கோயில் ஐயரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காவிரித் தண்ணீர் ஒரு சின்ன பாட்டிலில் போதும். மூடியை டேப் போட்டுச் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் விடாமல் போகலாம்.

இங்கே வருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் கம்ப்யூட்டரில் ஒரு வருகை அட்டை பூர்த்தி செய்ய வேண்டும், அதை நான் செய்துவிடுகிறேன். பாஸ்போர்ட் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். அம்மா, வடாம் அதிகம் போடாதே, எடை பார்ப்பார்கள். அப்பாவுக்குப் பழைய செருப்பே இருக்கட்டும், புதுசு கடிக்கும்.

இரும்புப் பெட்டியில் அடித்துணிக்குக் கீழே பெரியப்பாவின் கடைசி அட்டை இருக்கும் அப்பா, தோட்டத்து முத்திரை குத்தினது. அதை மட்டும் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். சட்டைப் பையில் வைத்துக் கையோடு கொண்டுவாருங்கள்.

உங்கள் அன்பு மகள்